மகிழடியில் செய்த சபதம்

(மாலை வழிபாட்டிற்குப் பின் நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருவருள் துணை நிற்க!



நாம் நாள்தோறும் திருக்கோயிலுக்கு வருகின்றோம். கொடிமரத்தின் முன் வீழ்ந்து வணங்குகின்றோம். திருச்சந்நிதியில் நின்று, "ஆண்டவனே, நான் உன் அடிமை; எல்லாம் உன் சித்தம்" என்று வாயாரச் சொல்லுகின்றோம். அடிமை என்ற சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் அச்சொல்லைச் சொன்ன கணமே, ஆண்டவனுடைய ஆணைக்கு உட்பட்டு நடக்கும் கடமையும் நம் தலைமேல் வந்து அமர்கின்றது. அதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இறைவன் ஆணையை மீறிய அடியவனுக்கு என்ன நேர்கின்றது? அவன் செய்து வந்த தொண்டு என்ன ஆகின்றது? அவன் உள்ளத்தில் இருந்த நம்பிக்கை என்ன ஆகின்றது? இவற்றையே இன்று சிறிது நேரம் சிந்திக்க விரும்புகின்றேன்.

இறைவன் சினங்கொண்டு கைவிட்டு விடுவான் என்று அஞ்சுவோர் சிலர். அவன் கருணைக்கடல் ஆயிற்றே, எதையும் பொறுத்துக்கொள்வான் என்று துணிவோர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. முழு உண்மை எது என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான், தாம் அருளிய பெரியபுராணத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றைக் கொண்டு நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றார்.

ஆளோலையும் தோழமையும்

சுந்தரர் நடுநாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாராகத் தோன்றியவர். நரசிங்கமுனையரையர் என்னும் மன்னரால் வளர்க்கப்பெற்றவர். அவருடைய திருமண நாளன்று முதிய வேதியர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கின்றது" என்று வழக்கிட்டார். மணமகனார் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. மூல ஓலை அங்கே காட்டப்பெற்றது. சுந்தரர் அடிமையே என்று தீர்ப்பாயிற்று. வழக்காட வந்த முதியவர் திருக்கோயிலுக்குள் சென்று மறைந்தபோதுதான், வந்தவர் சிவபெருமான் என்பது விளங்கிற்று.

ஆக, சுந்தரருடைய அடிமைத்தனம் வாய்ச்சொல்லால் வந்தது அன்று. ஓலையில் எழுதப்பெற்று, அவையில் மெய்ப்பிக்கப்பெற்ற அடிமைத்தனம் அது. ஆயினும் பெருமான் அவரை அடிமையாக வைத்து வேலை வாங்கவில்லை, தோழராகவே ஏற்றுக்கொண்டார். 'தம்பிரான் தோழர்' என்னும் பெயர் அவருக்கே உரியதாயிற்று. சைவ நூல்கள் கூறும் தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்னும் நான்கு நெறிகளுள், தோழமை நெறியாகிய சக மார்க்கத்திற்கு அவரே சான்றாக விளங்குகின்றார்.

அத்தோழமையால் ஊருக்கு விளைந்த நன்மை கொஞ்சமா? குண்டையூரில் மலைபோல் குவிந்த நெல், திருவருளால் பூதகணங்களைக் கொண்டு திருவாரூருக்கு வந்து சேர்ந்தது. பரவையார் தம் மாளிகையில் மட்டும் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டு முன் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பறையறைவித்தார். சுந்தரர் ஒருவர் பாடினார்; திருவாரூர் முழுவதும் உண்டது. அடியவர் பெருமையை உலகறியச் செய்த திருத்தொண்டத்தொகையும் அவர் வாக்கில் பிறந்ததே. அத்தொகையே பின்னாளில் பெரியபுராணத்திற்கு அடித்தளம் ஆயிற்று.

இறைவன் கையில் ஒரு தொண்டர் இவ்வளவு பயன்பட முடியும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அப்போதுதான் பின்னர் அவர் இழந்தது எத்தகையது என்பது விளங்கும்.

சந்நிதியை விட்டு விலகும்படி ஒரு வேண்டுகோள்

சுந்தரர் தலயாத்திரையாகத் தொண்டைநாட்டுத் திருவொற்றியூருக்கு எழுந்தருளினார். அவ்வூர்த் திருக்கோயிலில் சங்கிலியார் என்னும் மங்கை நல்லார் இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் திருப்பணியைச் செய்து வந்தார். ஞாயிறு என்னும் ஊரைச் சேர்ந்த வேளாளர் ஒருவரின் திருமகளார் அவர். சிவபெருமான் திருவருள் பெற்ற ஒருவருக்கன்றி வேறொருவருக்கு வாழ்க்கைப்பட இசையேன் என்று உறுதி பூண்டிருந்தவர். ஆதலின் பெற்றோர் அவரைத் திருவொற்றியூரில் கன்னிமாடம் ஒன்று அமைத்து இருக்கச் செய்தனர்.

அவரைப் பூமண்டபத்தில் கண்ட சுந்தரர், அவரை மணம் செய்விக்குமாறு பெருமானிடம் வேண்டினார். பெருமான் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சுந்தரரை மணந்துகொள்ளுமாறு பணித்தார். சங்கிலியார் பணிந்து ஏற்றார். ஆனால் ஓர் ஐயத்தையும் எடுத்துரைத்தார். "அவர் திருவாரூரில் பரவையாருடன் மகிழ்ந்து வாழ்பவர் ஆயிற்றே!" என்றார். ஒரு பெண்ணின் நெஞ்சில் இயல்பாக எழும் அச்சம் அது. தன்னை மணந்த பின் விட்டுப் போய்விட்டால் தன் கதி என்ன என்பதே அதன் பொருள். பெருமான் அந்த அச்சத்தைச் சிறிதென்று தள்ளவில்லை. "உன்னைப் பிரிய மாட்டேன் என்று சபதம் செய்து தருவான்" என்று உறுதி கூறினார்.

பெருமான் இந்த ஆணையை ஏன் இட்டார் என்பதை நன்கு கவனிக்க வேண்டும். தம் பெருமைக்காக அவர் சபதம் கேட்கவில்லை. தம் அதிகாரத்தை நிலைநாட்டவும் கேட்கவில்லை. தமக்கு மாலை கட்டிய ஒரு பெண்ணின் வாழ்வு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டார். இறைவன் இடும் ஆணைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் உயிர் நிற்கின்றது. பொய் சொல்லாதே என்றால், அந்தப் பொய்யால் கெடப்போகும் ஒருவர் இருக்கின்றார். பிறர் பொருளை விரும்பாதே என்றால், அந்தப் பொருளை இழந்து வாடப்போகும் ஒருவர் இருக்கின்றார். இறைவன் ஆணையை மீறுகின்றவன், அது தனக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட செய்தி என்று எண்ணிக்கொள்கின்றான். நடுவே ஒரு சங்கிலியார் கண்ணீருடன் நிற்பதை அவன் காண்பதில்லை.

சபதம் செய்ய வேண்டும் என்று கேட்டவுடன் சுந்தரர் திகைத்தார். பல தலங்களுக்கும் சென்று பாடும் தமக்கு ஓரூரில் தங்கிவிடும் சபதம் தடையாகுமே என்று எண்ணினார். எண்ணியவர் அதனை வெளிப்படையாகச் சொல்லி மறுக்கவில்லை. மறுத்தால் திருமணம் நின்றுவிடும். ஆதலால் பெருமானிடமே வேறொரு வேண்டுகோளை வைத்தார். "அடியேன் சபதம் செய்யச் சந்நிதிக்கு வரும்போது, தேவரீர் சந்நிதியை விட்டு நீங்கி, மகிழ மரத்தின் கீழ் எழுந்தருளியிருக்க வேண்டும்" என்பதே அந்த வேண்டுகோள்.

மெய்யன்பர்களே! இந்த வரலாற்றின் உயிர்நிலை இதுதான். சுந்தரர் ஊரெல்லையைக் கடந்தபோதுதான் ஆணையை மீறினார் என்று நாம் நினைக்கின்றோம். இல்லை, மீறல் இங்கேயே தொடங்கிவிட்டது. வாக்குறுதி தருவதற்கு முன்பே அதிலிருந்து நழுவ ஒரு வழி செய்துவைத்ததே முதல் மீறல். பின்னர் ஊரெல்லையில் கால் செய்ததை, முன்னரே மனம் செய்து முடித்துவிட்டது.

பெருமான் அந்த வேண்டுகோளுக்கு இசைந்தார். இசைந்தவர், சங்கிலியாரின் கனவில் மீண்டும் தோன்றி, "சந்நிதியில் வேண்டா, மகிழின் கீழ்ச் சபதம் செய்யச் சொல்" என்றும் பணித்துவிட்டார்! மறுநாள் தோழியர் வாயிலாக இதனைக் கேட்ட சுந்தரர் நடுங்கினார். மறுக்கவும் இயலவில்லை. மகிழ மரத்தை மூன்று முறை வலம்வந்து, "உன்னைப் பிரியேன்" என்று சபதம் செய்தார்.

அப்போது சங்கிலியார் மகிழ்ந்தாரா? அவர் ஒருபுறம் ஒதுங்கி நின்று, 'எம்பெருமான் பணித்தமையால் அன்றோ, இப்பெருமகனார் சபதம் செய்யும் நிலையைப் பாவியேன் காண நேர்ந்தது' என்று வருந்தினார் எனச் சேக்கிழார் காட்டுகின்றார். ஒருவர் நழுவ வழி தேடிக்கொண்டே சபதம் செய்கின்றார். மற்றொருவர் அவருக்காக மனம் நோகின்றார். யாருடைய பக்தி உயர்ந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இறைவனைச் சந்நிதியிலிருந்து விலகியிருக்கச் சொல்லலாம். அவன் இல்லாத இடம் ஒன்றைக் கண்டுபிடிக்க நம்மால் ஆகாது. இதனை நினைவூட்டும் வகையில், திருவொற்றியூர்த் தியாகராச சுவாமி திருக்கோயிலில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை இன்றும் நடைபெறுகின்றது. தலமரமாகிய மகிழும் அங்கே வழிபடப்பெறுகின்றது.

எல்லையைக் கடந்த கால்

காலம் சென்றது. வேனிற்காலம் வந்தது, தென்றல் வீசியது. திருவாரூரில் நிகழும் வசந்த விழா சுந்தரரின் நினைவுக்கு வந்தது. தியாகேசப் பெருமானைக் காணும் ஆசை பெருகிற்று. அந்த ஆசை தீயதா? இல்லை. இறைவனைக் காண விழைவது தீய விழைவு ஆகுமா? இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. கள்ளுண்ண விரும்பியும் களவாட விரும்பியும் சுந்தரர் சபதத்தை மீறவில்லை. சாமி கும்பிடப் போகிறேன் என்றே மீறினார். நல்ல செயல் ஒன்றைக் காரணம் காட்டிக் கொடுத்த வாக்கை மீறுவது, பக்தர்களாகிய நமக்கே உரிய ஆபத்து. வயது முதிர்ந்த தாயாரை ஒரு வேளை உணவுக்குத் தவிக்க விட்டு ஊர் ஊராகத் தலயாத்திரை போகின்றவர், வேலையாளுக்குக் கூலி நிறுத்தி உபயம் செய்கின்றவர் ஆகியோரெல்லாம் இவ்விடத்தில் தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் சுந்தரர் திருக்கோயிலில் வழிபட்டு வெளிவந்து, அப்படியே திருவொற்றியூரின் எல்லையைக் கடந்தார். கடந்த அக்கணமே இரு கண்களும் பார்வை இழந்தன. செய்வதறியாது நின்றார், பெருமூச்செறிந்தார்.

தொண்டு என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். ஊருக்கெல்லாம் நெல் வழங்கியவர், வழி காட்டுவார் ஒருவரை எதிர்நோக்கி நிற்கின்றார். தலந்தோறும் சென்று பாடத் தடை வரக்கூடாது என்றுதான் அவர் சபதத்திலிருந்து நழுவ முயன்றார். இப்போது அடியவர்கள் கைகாட்ட, ஓரூரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்வதே அரிதாகிவிட்டது. எந்தத் தொண்டைக் காப்பதற்காக ஆணையை மீறினாரோ, அந்தத் தொண்டே ஆணை மீறலால் தடைப்பட்டது.

இருக்கின்றீரோ என்ற கேள்வி

அடுத்து, நம்பிக்கை என்ன ஆயிற்று என்று பார்ப்போம். வடதிருமுல்லைவாயிலை வணங்கிய பின் சுந்தரர் திருவெண்பாக்கம் வந்தடைந்தார். அங்கே கோயிலின் முன் நின்று, "பெருமானே, இக்கோயிலில் இருக்கின்றீரோ?" என்று வினவினார். எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் உருகும். திருமணப் பந்தலில் இறைவனே நேரில் வந்து ஆட்கொண்ட அடியவர் இவர். கேட்டபோதெல்லாம் பெருமான் குரல் கொடுத்து வந்தார். அத்தகையவர் இன்று, இருக்கின்றீரோ என்று கேட்கின்றார். கண் மறைந்ததோடு, பெருமான் அருகில் உள்ளார் என்னும் உணர்வும் மங்கிவிட்டது.

பெருமான் ஊன்றுகோல் ஒன்றை அருளினார். "இருக்கின்றோம், நீர் போய் வாரும்" என்று, அறிமுகம் இல்லாத ஒருவருக்கு விடை கொடுப்பதுபோல் கூறினார். இந்த அயன்மை சுந்தரரை வாட்டியது. அத்தலத்துத் திருப்பதிகத்தில் அவர் தம் உள்ளத்தை மறைக்காமல் திறந்து வைக்கின்றார். பிழையைப் பொறுத்துக்கொள்வார் என்னும் துணிவினால்தான் பிழை செய்தேன் என்பது அங்கே அவர் கூறும் கருத்து. மன்னிப்பு உண்டு என்ற நம்பிக்கையையே பிழை செய்வதற்கு முதலாகப் போட்டுவிட்டேன் என்கின்றார். நம்மில் எத்தனை பேர் இதே துணிவில் வாழ்கின்றோம்! வெள்ளிக்கிழமை ஓர் அருச்சனை, ஆண்டுக்கு ஒரு முடிகாணிக்கை, அதற்குள் எதுவும் அடங்கிவிடும் என்று கணக்குப் போடுகின்றோம்.

திருவெண்பாக்கம் இன்று பூண்டி என்று வழங்கும் பகுதியில் உள்ளது. 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய கோயில் இருந்த இடம் நீருள் ஆழ்ந்தமையால், திருக்கோயில் கரைப்பகுதியில் புதிதாக அமைக்கப்பெற்றது. ஊன்றுகோல் தந்தமையால் பெருமான் அங்கே ஊன்றீசுவரர் என்னும் திருநாமத்துடன் விளங்குகின்றார். சென்னையில் வாழும் அன்பர்கள் எளிதில் சென்று வழிபடத்தக்க தலம் அது.

மறக்கருணை

பெருமான் ஏன் இவ்வாறு செய்தார்? சினத்தாலா? சினத்தால் என்றால் ஊன்றுகோல் எதற்கு? கருணையால் என்றால் கண்ணைக் கொடுத்திருக்கலாமே?

நம் ஆன்றோர் இறைவனுடைய கருணையை அறக்கருணை, மறக்கருணை என இரண்டாக வகுத்தனர். இனிமையாக வந்து அருள்வது அறக்கருணை. தண்டனைபோல் வந்து திருத்தி ஆட்கொள்வது மறக்கருணை. முருகப்பெருமான் சூரபதுமனை வேலால் பிளந்தார். பிளந்த பின் அவனையே மயிலும் சேவலுமாக்கித் தம்முடன் வைத்துக்கொண்டார். மறக்கருணைக்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ? சுந்தரருக்கு நேர்ந்ததும் அதுவே. கண்ணை மறைத்த கையே கோலையும் கொடுத்தது. பெருமான் கைவிட்டிருந்தால் கோல் வந்திராது. பிழையைப் பாராமல் விட்டிருந்தால் கண் போயிராது.

சுந்தரர் அக்கோலை ஊன்றியபடியே நடந்தார். திருவாலங்காட்டு இறைவனைப் பாடினார். காஞ்சிபுரம் சென்று காமகோட்டத்தில் அம்மையை வணங்கித் திருவேகம்பத்தில் பாடியபோது இடக்கண் பார்வை கிடைத்தது. ஒரு கண்ணோடு மேலும் பல தலங்களை வணங்கிச் சென்றார். திருத்துருத்தியில் திருக்குளத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கப் பெற்றார். இறுதியாகத் திருவாரூரை அடைந்து, திருமூலட்டானத்துப் பெருமானை உருகிப் பாடியபோது வலக்கண்ணும் ஒளி பெற்றது.

முதலில் கோல், பின்னர் ஒரு கண், பின்னர் மறு கண். இழந்தது ஒரு கணத்தில்; மீண்டது நெடுவழியில். ஆணையை மீறியவன் மீண்டு வரும் வழி இப்படித்தான் இருக்கும். ஆனால் அந்நெடுவழி முழுவதும் சுந்தரர் ஒன்றை மட்டும் விடவில்லை. பார்வை போயிற்றே என்று பாட்டை நிறுத்தவில்லை. கோபித்துக்கொண்டு கோயிலை ஒதுக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டேனும் அடுத்த சந்நிதிக்குச் சென்றார். அந்நாளில் அவர் பாடிய திருப்பதிகங்கள் ஏழாம் திருமுறையில் இன்றும் ஓதப்பெறுகின்றன.

கண் கிடைத்ததும் எல்லாம் முன்போல் ஆகிவிட்டதா? அதுவும் இல்லை. திருவாரூரில் பரவையார் கதவை அடைத்துவிட்டார். சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டு மனம் புண்பட்ட அவரை யார் தேற்றியும் ஆற்ற இயலவில்லை. பெருமானே தூதராகி அந்தத் தெருவில் நள்ளிரவில் இருமுறை நடக்க வேண்டியதாயிற்று. ஒருவரின் ஒரு மீறல் இரண்டு இல்லங்களின் அமைதியைக் குலைத்தது. அதைச் சரிசெய்ய, பெருமானின் திருவடியே மண்ணில் தோய வேண்டி வந்தது.

வாடிய நந்தவனம்

வைணவ அன்பர்கள் நன்கறிந்த வரலாறு ஒன்றும் இதனோடு ஒத்து வருகின்றது. திருமண்டங்குடியில் தோன்றிய விப்பிரநாராயணர், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு நாள்தோறும் மாலை சாத்தி வந்தார். தேவதேவி என்னும் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்த பின், அக்கைங்கரியத்தை மறந்தார். மாலை கட்டிய கைகள் வேறிடத்தில் ஏந்தி நின்றன. கைப்பொருள் தீர்ந்தபின் அவ்வீட்டின் கதவும் மூடப்பெற்றது. அரங்கன் பொன்வட்டில் ஒன்றை அவர் பெயரால் அவ்வீட்டில் கொடுக்க, களவுப் பழி அவர்மேல் வந்தது. பழியால்தான் கண் திறந்தது. இதுவும் மறக்கருணையே ஆகும்.

மீண்ட அவர் என்ன செய்தார்? இழந்த நாட்களை எண்ணி மூலையில் அமர்ந்துவிடவில்லை. 'அடியார்களின் அடிப்பொடி நான்' என்று தம்மைத் தாழ்த்திக்கொண்டு தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையையும், 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சியையும் அருளினார். வைணவப் பெரியோர் சரணாகதியின் அங்கங்களைக் கூறும்போது, இறைவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்ற உறுதியையும், உகவாததைச் செய்யேன் என்ற உறுதியையும் முன்னதாக வைத்தனர். இவை இரண்டும் இல்லாமல் 'சரணம்' என்று சொல்வது வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

நாம் எங்கே நிற்கின்றோம்?

அன்பர்களே, பெரியோர் வரலாறுகளைக் கேட்டு, அது அவர்கள் காலம் என்று எழுந்து போய்விடக் கூடாது. நம் மகிழ மரம் எது என்று ஒவ்வொருவரும் தேடிப் பார்க்க வேண்டும்.

கர்ப்பூரத்தின் மேல் கைவைத்து, "இனிக் குடிக்க மாட்டேன்" என்று மனைவியின் முன் சத்தியம் செய்தவர் உண்டு. சத்தியம் செய்யும்போதே, அடுத்த ஊரில் நடக்கும் திருமணத்திற்கு மட்டும் இது செல்லாது என்று உள்ளத்தில் ஒதுக்கிவைத்தவரும் உண்டு. அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்த துணையைச் சொல்லால் நாள்தோறும் சுடுகின்றவர் உண்டு. நோய் தீர்ந்தால் ஏழைப் பிள்ளை ஒன்றைப் படிக்க வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, தீர்ந்த பின் அப்பிள்ளையின் வீட்டுத் தெருவையே தவிர்க்கின்றவர் உண்டு.

நம் முன்னோர் ஒரு திருவிளக்கு எரிப்பதற்காகத் தொண்ணூறு ஆடுகளையும் தொண்ணூற்றாறு ஆடுகளையும் கோயிலுக்கு அளித்து, சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்த விளக்கு எரிய வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தனர். சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் குறித்தனர். ஆடு சாகும், மூக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? எண்ணிக்கை குறையாமல் காப்பது ஏற்றுக்கொண்டவர் கடமை என்பதே அதன் பொருள். பாட்டனார் விளக்குக்கென்று எழுதிவைத்த நிலத்தின் விளைச்சலை உண்டுகொண்டு, விளக்கை மறந்துவிட்ட பேரன், அந்தக் கருவறையில் நின்று என்ன வரம் கேட்கப் போகின்றான்? கேட்க வாய் வருமா?

இதுதான் மீறலின் முதன்மையான கேடு. இறைவன் நம்மை ஒதுக்குவதில்லை. நாமே கூசி ஒதுங்குகின்றோம். வாக்குத் தவறியவனுக்குச் சந்நிதியில் நிமிர்ந்து நிற்க இயலுவதில்லை. முதலில் வருகை குறைகின்றது. பிறகு வழிபாட்டில் சுவை குறைகின்றது. பிறகு, இவையெல்லாம் உண்மைதானா என்ற ஐயம் எழுகின்றது. பலருடைய அவநம்பிக்கைக்கு வித்து, ஆராய்ச்சியில் இல்லை. நிறைவேற்றாத ஒரு வாக்குறுதியில் இருக்கின்றது. அத்தகையவன் பிறருக்கும் பயன்படுவதில்லை. குடியை விடாத தந்தை மகனுக்கு நல்வழி சொன்னால், மகன் கேட்பானா?

எனவே, வாக்குத் தவறிய அன்பர் எவரேனும் இங்கே இருப்பின், அவருக்கு ஒன்று சொல்லுவேன். கோயிலுக்கு வருவதை நிறுத்தாதீர்கள். பார்வை இழந்த நிலையிலும் சுந்தரர் நடந்தார் என்பதை நினையுங்கள். தவற்றை இறைவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவனோடு வாதாட வேண்டுமானாலும் வாதாடுங்கள். ஆனால் உண்டியலில் காணிக்கை இட்டதோடு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வாக்கை நம்பிய ஒருவர் எங்கேனும் ஒருபுறம் ஒதுங்கி அழுதுகொண்டிருக்கலாம். அவரிடம் செல்லுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். அவர் உடனே கதவைத் திறக்காமல் போகலாம். பெருமானே தூது சென்றபோதும் பரவையார் முதல்முறை இசையவில்லை. மீண்டும் செல்லுங்கள்.

உடனே எல்லாம் திரும்பக் கிடைக்கவில்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டா. முதலில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கலாம். ஒரு நண்பரின் அறிவுரையாக, ஒரு நாள் குடிக்காமல் இருந்த மனவுறுதியாக, பேசாதிருந்த உறவினரிடமிருந்து வந்த ஒரு கடிதமாக அக்கோல் வரலாம். சிறிது என்று அதைத் தள்ளாமல் ஊன்றிக்கொண்டு நடந்தால், காஞ்சியும் வரும், திருவாரூரும் வரும்.

இன்று திருச்சந்நிதியை வலம்வரும்போது, புதிதாக ஒரு வேண்டுதலை வைப்பதற்கு முன், முன்னர் நாம் கொடுத்து மறந்த வாக்கு ஒன்றை நினைவுக்குக் கொண்டு வருவோம். "பெருமானே, நீ சற்று விலகி நில்" என்று சொல்லாமல், "நீ அருகில் நின்று இதை நிறைவேற்றச் செய்" என்று வேண்டுவோம். அடிமை என்று சொன்ன வாய் மெய்யாகும். நம் கைகள் ஊருக்குப் பயன்படும். நம் கண்கள் அவனை உள்ளவாறு காணும்.

எல்லாம் வல்ல இறைவன் அதற்கான மனவுறுதியை நம் அனைவருக்கும் அருள்வானாக! கேட்டு மகிழ்ந்த அன்பர்கள் அனைவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க!

திருச்சிற்றம்பலம்.